சவக்குழிப் பானம்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். போர்வை போதாதவர்கள் பக்கத்தில் இருப்பவரோடு பங்கு போட்டுக்கொள்ளுங்கள். பேய்க்கதைதானே கேட்டீர்கள், சொல்கிறேன். ஆனால் இந்தக் கதையில் வருகிற பேய்கள் எல்லாம் சாயங்காலம் பால் கறக்கப் போக வேண்டியவை. அதனால் ரொம்பப் பயப்பட வேண்டாம்.

பெர்ச் க்ராசிங்கில் ஹாலோவீன் விருந்து மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத் தொடங்கி நாலு மணிக்கு முடிந்துவிடும். மற்ற ஊர்களில் இருட்டின பிறகுதான் பேய் வேஷம் கட்டுவார்கள். அமெரிக்காவில், விஸ்கான்சினில் அந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு பசு. விடியற்காலை ஒரு கறவை, சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு கறவை. எலும்புக்கூடானாலும் ரத்தக் காட்டேரியானாலும் ஐந்து மணிக்குத் தொழுவத்தில் நின்றாக வேண்டும். வேஷத்தைக் கலைக்க நேரமில்லாமல் அப்படியே போய்க் கறப்பவர்களும் உண்டு. மாடுகள் கண்டுகொள்வதில்லை.

விருந்து நடப்பது டுவேனுடைய பாரில். அங்கே பானம் ஊற்றுகிறவள் வெர்னா. டுவேனின் அப்பா காலத்திலிருந்து முப்பத்தோரு வருஷமாக அவள்தான் ஊற்றுகிறாள். அறுபத்தாறு வயது. அன்றைக்குக் காலை எட்டரை மணியிலிருந்து நின்றுகொண்டிருந்தாள். இடது முட்டி ஒன்பது மணிக்கே வலிக்கத் தொடங்கிவிட்டது. பத்து மணிக்கு வலது முட்டியும் சேர்ந்துகொண்டது. பதினொன்றுக்கு மேல் எந்த முட்டி என்று பார்ப்பதை அவள் விட்டுவிட்டாள்.

முள்ளங்கித் தோலைப் பாதி சீவி, நடுவில் ஒரு ஆலிவ் காயைச் செருகினால் அது ரத்தம் ஓடிய கண் முழி. அப்படி அறுபது முழிகள் செய்து முடித்திருந்தாள். செர்ரிச் சாற்றில் பிராந்தி கலந்து, குவளை விளிம்பில் சிவப்புப் பாகு வழியவிட்டால் 'காட்டேரிக் கடி'. பச்சை நிறத்தில் நுரைத்துக்கொண்டு இருந்தது 'சூனியக்காரி எச்சில்'. பெரிய கண்ணாடித் தொட்டியில் பழச்சாறு கலந்த பஞ்ச். அதில் தோள் வரைக்கும் ஒரு முழுக் கை பனிக்கட்டியாக மிதந்தது. மாட்டு வைத்தியர் சினை பார்க்கப் போட்டுக்கொள்கிற நீளக் கையுறை இருக்கிறதே, அதில் புதிதாக ஒன்றை எடுத்துத் தண்ணீர் நிரப்பி உறைய வைத்த கை அது. வருஷா வருஷம் யாராவது ஒருவர், "புதுசுதானே வெர்னா?" என்று கேட்பார்கள். "குடிச்சுப் பாத்துச் சொல்லு" என்பாள் அவள்.

அந்த வருஷத்துக்கென்று டுவேன் ஒரு புதுப் பானம் கேட்டிருந்தான். கைப்பேசியில் படம் காட்டினான். தார் மாதிரி கறுப்பு. பெயர் 'சவக்குழி'.

"இவ்ளோ கறுப்பு எப்படிடா வரும்?" என்று வெர்னா கேட்டாள்.

"அதுக்கு ஒரு சாயம் இருக்கு. நான் பாத்துக்கறேன்" என்றான். அன்றைக்குக் காலை ஒரு ஜாடி நிறையக் கறுப்புப் பாகு கலக்கிக் கொண்டுவந்து வைத்தான். வெர்னா அதில் பிராந்தியும் நாவல்பழம் மாதிரி இருக்கிற கறும்பெர்ரிச் சாறும் எலுமிச்சையும் சேர்த்துச் சேர்த்து, பதினொன்றரை மணியிலிருந்து ஒவ்வொரு கரண்டியாக ருசி பார்த்தாள். ஏதோ மணல் மாதிரி நாக்கில் நறநறத்தது. இன்னும் கொஞ்சம் எலுமிச்சை விட்டாள்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். வெர்னாவுக்கு மட்டும் தெரிந்த விஷயம் அது. போன மார்ச் மாதம் அவள் தன் வீட்டுச் சமையலறையில் விழுந்தாள். கண் விழித்தபோது அடுப்பில் முட்டை கருகிக்கொண்டிருந்தது, நாக்கில் ரத்தம். பக்கத்து மாவட்டத்து டாக்டரிடம் போனாள். வலிப்பு என்றார். காலை, மத்தியானம், இரவு என்று மூன்று வேளை மாத்திரை கொடுத்தார். கொஞ்ச மாதம் கார் ஓட்டக் கூடாது என்றார். வெர்னா காரில் ஏதோ கோளாறு என்று சொல்லிவிட்டு, அந்தத் தடை முடியும்வரை பாருக்கு நடந்தே வந்து போனாள். ஃபீனிக்ஸில் இருக்கிற மகள் டெனிஸிடம், வாசல் பனியில் சறுக்கி விழுந்ததாகச் சொன்னாள்.

சறுக்கினதற்கே டெனிஸ் விமானம் ஏறி வந்துவிட்டாள். அப்போதிலிருந்து ஒரே பேச்சுதான். "என்கூட வந்துடும்மா. அறை ரெடியா இருக்கு. வெயில்ல முட்டிவலி கூடக் கொறையும்." இந்த ஹாலோவீனுக்கும் நாலு நாள் விடுப்பில் வந்திருந்தாள். விருந்துக்கு வந்தேன் என்றாள். ஆனால் வந்தது முதல் அவள் அம்மா படி ஏறுவதைப் பார்க்கிறாள், கெண்டி தூக்குவதைப் பார்க்கிறாள், மறதியாக எதையாவது இரண்டு தடவை சொல்கிறாளா என்று பார்க்கிறாள். வலிப்பு என்று தெரிந்தால் அந்த நிமிஷமே பெட்டி கட்டிவிடுவாள். ஃபீனிக்ஸில் வெர்னா ஒரு அறையில் இருக்கிற டெனிஸின் அம்மா. இங்கே அவள் வெர்னா. இந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான் ஏழு மாதமாக அவள் வாயைத் திறக்கவில்லை.

பன்னிரண்டு அடித்தது. டெனிஸ் சாக்குத்துணி வேஷத்தில், சோளக்கொல்லைப் பொம்மையாக, பாரின் ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். வெர்னா முதுகைத் திருப்பிக்கொண்டு, ஏப்ரன் பையிலிருந்த மத்தியான மாத்திரையை வாயில் போட்டு, கையிலிருந்த சவக்குழியிலேயே ஒரு வாய் குடித்து விழுங்கினாள். குழாய் நாலு அடி தூரத்தில் இருந்தது. அந்த நாலு அடி நடக்க அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

பேய்கள் வந்து சேர்ந்தன.

அந்தப் பாரில் ஒரு வழக்கம் உண்டு. வருகிறவர்கள் எல்லாரும் முகமூடி போட்டுக் குரலை மாற்றித்தான் பேச வேண்டும். மூன்றரை மணிக்கு முகமூடியைக் கழற்றும்வரை யார் என்று ஒருவருக்கும் பிடிபடாமல் இருப்பவருக்கு ஒரு முழுப் பன்றித்தொடை பரிசு. அதனால் இரண்டு ஆள் கனமுள்ள டிராக்டர்காரர் எலி மாதிரிக் கீச்சிடுவார். பாதிரியாரின் மனைவி அடித்தொண்டையில் உறுமுவாள். வேஷமே கட்டாத ஒரே ஆள் வெர்னா. அவளுக்கு எல்லாரையும் தெரியும். குவளையை வாங்குகிற கையைப் பார்த்தாலே போதும். ஆனால் சொல்ல மாட்டாள்.

"ரெண்டு சவக்குழி குடும்மா" என்று ஒரு கன்னியாஸ்திரீ கீச்சுக் குரலில் கேட்டாள். கன்னியாஸ்திரீயின் கைவிரல் ஒன்று பாதியோடு நின்றிருந்தது. வைக்கோல் கட்டும் இயந்திரத்தில் அதை இழந்தவர் ஆர்வில், எழுபத்து மூன்று வயது.

"ரெண்டும் உங்களுக்கேவா, சிஸ்டர்?"

"ஒண்ணு கர்த்தருக்கு."

ஓநாய் ஒன்று முகமூடியை வாய்க்குமேல் தூக்கிக்கொண்டு சிரித்தது. சிரித்தபோது பல்லெல்லாம் கறுப்பு. ஒருவருக்கொருவர் நாக்கை நீட்டிக் காட்டி மகிழ்ந்தார்கள். சவக்குழிதான் அன்றைக்கு ஓடியது. ஜாடி காலியாகக் காலியாக வெர்னா கலக்கிக்கொண்டே இருந்தாள். ஒரு மணி ஆவதற்குள் பாகு தீர்ந்துவிட்டது.

"டுவேன், அந்தச் சாயம் இன்னும் இருக்கா?"

டுவேன் அன்றைக்குக் கடற்கொள்ளைக்காரன். கண்ணில் கட்டோடு பின்வாசல் வழியாகத் தன் வண்டிக்குப் போனான். ஒரு வெள்ளை டப்பாவைக் கொண்டுவந்து மேடைமேல் வைத்தான். மூடியெல்லாம் கறுப்புத் தூள். டப்பாவின் மேல் ஒரு கன்றுக்குட்டி படம்.

கன்னியாஸ்திரீ அந்தப் படத்தைப் பார்த்தாள். டப்பாவைத் திருப்பினாள். பன்றித்தொடை மறந்துபோய், ஆர்வில் தன் சொந்தக் குரலிலேயே பேசினார்.

"டேய் டுவேன். இது கன்னுக்குட்டிக்குக் குடுக்கற கரியில்ல?"

"ஆமா. நான் ஆர்டர் போட்டது வந்து சேரல. அதுவும் கரிதான், இதுவும் கரிதான். அதுக்கு விலைதான் பத்து மடங்கு. கன்னு குடிக்குது, மனுஷன் குடிச்சா என்ன?"

"கரியா?" என்றாள் வெர்னா. "சாயம்னு சொன்னியே."

"கறுப்பா இருக்கில்ல."

எல்லாரும் சிரித்தார்கள். யாரோ 'ம்மா' என்று கத்தினார்கள். ஆர்வில் மட்டும் சிரிக்கவில்லை. தலைத்துணியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

"போன வருஷம் என் கன்னு ரெண்டு விஷச்செடிய மேஞ்சிருச்சு. வைத்தியர் இதத்தான் கரைச்சு ஊத்தச் சொன்னாரு. வயித்துக்குள்ள என்ன இருந்தாலும் இது புடிச்சுக்கும்னாரு. ஒண்ணையும் ரத்தத்துல சேர விடாதாம்."

"எதுவா இருந்தாலுமா?" அடித்தொண்டையில் உறுமிக்கொண்டிருந்த கரடி, பாதிரியார் மனைவி மர்லிஸின் மெல்லிய குரலில் கேட்டது. "அப்ப மாத்திரை?"

சிரிப்பு ஒவ்வொரு மேஜையாக அடங்கியது. அந்த அறையில் முப்பத்தைந்து பேர் இருந்தார்கள். ஐம்பது வயதுக்குக் கீழே இருந்தவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம்.

வெர்னாவின் கை மேடை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. பதினொன்றரை மணியிலிருந்து கரண்டி கரண்டியாகக் கரி. பன்னிரண்டு மணிக்கு மாத்திரை, அதன்மேல் ஒரு வாய் கரி. மாத்திரை சேர்ந்திருக்காது. வலிப்பு எப்போது வேண்டுமானாலும் வரலாம். இந்தக் கண்ணாடிக் குவளைகளுக்கு நடுவிலேயே வரலாம். இல்லாவிட்டால் சாயங்காலம் கார் ஓட்டிக்கொண்டு போகும்போது, டெனிஸ் பக்கத்தில் இருக்கும்போது வரலாம்.

அவளுக்குப் பயத்தைவிட முதலில் வந்தது களைப்பு. இனிமேல் இதையும் பார்க்க வேண்டுமே என்கிற களைப்பு.

"யாரும் இனிமே கறுப்பு குடிக்காதீங்க" என்றாள். குரலை உயர்த்தவில்லை. முப்பத்தோரு வருஷம் அந்த அறையில் அவள் குரலை உயர்த்தியதே இல்லை. "டுவேன், குவளை எல்லாத்தையும் வாங்கிக் கொட்டு. குடிச்சவங்க இங்க வரிசையா வாங்க. என்ன மாத்திரை, எப்ப போட்டீங்கன்னு சொல்லுங்க."

"ஒருத்தர் முன்னாடி ஒருத்தர் சொல்லணுமா?" என்று எலும்புக்கூடு கீச்சிட்டது.

"முகமூடியோட சொல்லு. வேற யாருக்குத் தெரியப் போவுது?"

அது எடுபட்டது. பேய்கள் வரிசையில் நின்றன. வெர்னா ஆர்டர் எழுதுகிற சீட்டில் எழுதினாள். ரத்த அழுத்தம், ஏழு பேர். சர்க்கரை, நாலு பேர். தைராய்டு, கரடி. ரத்தம் உறையாமல் இருக்க, கன்னியாஸ்திரீ.

"காலைல ஆறு மணிக்குப் போட்டேன். கறவை முடிஞ்சதும்" என்றார் ஆர்வில்.

எலும்புக்கூடு மேடைக்குமேல் குனிந்தது. குளிர்காலமெல்லாம் சாலையில் பனி தள்ளுகிற பட்ச் அவன். ஊரிலேயே வாய்ச்சவடால் அதிகம். "மனசுக்குன்னு ஒண்ணு போடறேன். மூணு வருஷமா" என்று எலிக்குரலில் சொன்னான்.

அவனுக்குப் பின்னால் நின்ற ஓநாய் முகமூடிக்குள்ளிருந்தே சொன்னது: "நானும்தான்டா. எந்த டாக்டர் உனக்கு?"

இரண்டும் ஓரமாகப் போய் நின்று பேசத் தொடங்கின.

பூசணிக்காய் வேஷத்தில் இருந்த ஒரு இளம்பெண், "கொழந்த வேணாம்னு ஒண்ணு…" என்று முனகினாள். இரண்டு ஆள் தள்ளி நின்ற சூனியக்காரியின் கழுத்து மெதுவாகத் திரும்பியது. "அம்மா, நீ திரும்பாத" என்றது பூசணிக்காய்.

வெர்னாவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. சீட்டு நிறைந்து மறுபக்கம் திருப்பினாள். வரிசை முடிந்தது. அவளை யாரும் கேட்கவில்லை. ஊற்றுகிறவளை யார் கேட்பார்கள்?

விஷம் சாப்பிட்டவர்களுக்கென்று ஒரு இலவச எண் உண்டு. சுவரில் இருந்த தொலைபேசியில் டெனிஸ்தான் அதைச் சுழற்றினாள். வைக்கோல் நீட்டிக்கொண்டிருக்கிற கையோடு ரிசீவரை நீட்டினாள். "பேசும்மா. சீட்டு உன்கிட்டதான இருக்கு."

மறுமுனையில் ஒரு நர்ஸ். குரலில் அவசரமே இல்லை. எத்தனை பேர், எவ்வளவு கரி, எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

"கன்னுக்குட்டிக்குக் குடுக்கறதா?" என்று இரண்டாம் முறை கேட்டாள்.

"ஆமாங்க. எங்க முதலாளிக்கு அது சாயம்."

"சரி. படிங்க."

வெர்னா படித்தாள். ஒவ்வொன்றுக்கும் நர்ஸ் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள். காலையில் போட்டவர்களுக்குக் கவலையில்லை. கரி குடித்ததற்கு முன்னேயும் பின்னேயும் ஓரிரண்டு மணிக்குள் போட்டவர்கள்தான் தங்கள் டாக்டரைக் கேட்க வேண்டும். தாங்களாக இன்னொரு மாத்திரை போட்டுக்கொள்ளக் கூடாது. பூசணிக்காய் கொஞ்ச நாள் ஜாக்கிரதையாக இருக்கட்டும். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக மூச்சு விட்டார்கள். சீட்டில் கடைசி வரிக்கு வந்தாள். அதற்குக் கீழே வெற்றுக் காகிதம்.

"அவ்ளோதானா?" என்றாள் நர்ஸ்.

அவ்வளவுதான் என்று சொல்லிவிடலாம். சாயங்காலம் வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, தானே ஒருமுறை இந்த எண்ணைக் கூப்பிடலாம். அதற்கு முதலில் வீட்டுக்குப் போக வேண்டும். காரை ஓட்ட வேண்டும். டெனிஸிடம் இன்னொரு பொய் யோசித்து வைக்க வேண்டும். நாளைக்கு அந்தப் பொய்க்கு முட்டுக்கொடுக்க வேறொரு பொய். ஏழு மாதமாக இந்த வேலையும் சேர்த்துத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். முட்டி இரண்டும் வலித்தன. எல்லாரும் முகமூடிக்குள் இருந்தார்கள். அவள் முகம் மட்டும் திறந்து கிடந்தது.

"இன்னும் ஒருத்தர் இருக்கு" என்றாள். "பொம்பள. அறுபத்தாறு வயசு. பதினொன்றரைலேர்ந்து ருசி பாத்துட்டே இருந்தா. பன்னெண்டு மணிக்கு மாத்திரை."

"என்ன மாத்திரை?"

"வலிப்புக்கு."

"அவங்க இப்ப எங்க இருக்காங்க?"

"நாந்தாங்க அது."

டெனிஸ் சாக்குத் துணி முகமூடியைக் கழற்றினாள். கழற்றிய பிறகு அதை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

நர்ஸின் குரல் கொஞ்சம் மாறியது. முதலில் உட்காரச் சொன்னாள். மாத்திரையின் பெயர், அளவு, கடைசியாக வலிப்பு வந்த மாதம் எல்லாம் கேட்டாள். கேட்கக் கேட்க வெர்னா டெனிஸ் முன்னால் அத்தனையும் சொன்னாள். மார்ச் என்றாள். சமையலறை என்றாள். அங்கே இருந்த டாக்டரைக் கேட்டு வந்து நர்ஸ் சொன்னாள்: இனிமேல் கரி வேண்டாம். சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு மாத்திரை, தண்ணீரில். நாளைக்கு வழக்கம்போல. ஒரு முழு நாள் கார் தொடக் கூடாது, ஏணி ஏறக் கூடாது, தனியாகக் குளிக்கக் கூடாது. பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். வந்துவிட்டால் உடனே ஆம்புலன்ஸ்.

"பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"

வெர்னா பதில் சொல்வதற்குள் டெனிஸ் ரிசீவரை வாங்கிக்கொண்டாள். "இருக்கேங்க. அவங்க பொண்ணு."

பரிசை அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை. இரண்டரை மணிக்கே முகமூடிகள் தாமாகக் கழன்றுவிட்டன. டுவேன் எல்லாக் குவளைகளையும் பின்பக்கம் கொண்டுபோய்க் கொட்டினான். திரும்பி வந்து வெர்னாவின் முன்னால் நின்றான், கண் கட்டை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு.

"வெர்னா, என்னால உங்களுக்கு எதாச்சும்…"

"எதுவும் ஆகலடா. இனிமே என்ன கலக்கறன்னு சொல்லிட்டுக் கலக்கு."

"நீங்களும் சொல்லிருக்கலாம்ல."

"சொல்லிருக்கலாம்."

ஆர்வில் போகும்போது கன்னியாஸ்திரீ அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையருகில் வந்தார். "என் அண்ணனுக்கும் இருந்துச்சு வெர்னா. எம்பது வயசு வரைக்கும் மாடு கறந்தாரு. முகம் கோணுனா என்ன பண்ணணும்னு வீட்ல எல்லாருக்கும் தெரியும். சோபால ஒருக்களிச்சுப் படுக்க வச்சிட்டு, மிச்ச மாட்ட நாங்க கறப்போம்." இதைச் சொல்லிவிட்டு அவர் தன் டிரக்கில் ஏறிப் போனார்.

மூன்றரைக்கெல்லாம் பார் காலி. ஜன்னல் வழியாகச் சோளம் அறுத்த வயல்மேல் சாய்ந்த வெயில் தெரிந்தது. பஞ்ச் தொட்டியில் பனிக்கை முழங்கை வரை கரைந்து, கண் முழிகளோடு மிதந்தது. வெர்னா மேடைக்கு வெளியே, வாடிக்கையாளர்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். டெனிஸ் ஏப்ரன் கட்டிக்கொண்டு குவளைகளைக் கழுவினாள்.

"அப்ப பனில சறுக்கல" என்றாள் டெனிஸ், திரும்பாமல்.

"இல்ல."

"முட்டை கருகற வரைக்கும் தரையில கெடந்திருக்க."

"அடுப்ப நான்தான் அணைச்சேன், எழுந்ததும்."

"அதக் கேக்கல நான்."

"தெரியுது."

டெனிஸ் ஒரு குவளையைத் துடைத்து வைத்தாள். அதையே எடுத்து மறுபடி துடைத்தாள். "ஏம்மா சொல்லல?"

"சொன்னா நீ பெட்டி கட்டுவ."

"கட்டுவேன்தான்." துணியைப் பிழிந்து தொங்கவிட்டாள். "இப்பவும் கட்டணும்னுதான் தோணுது. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் ஃபோன்ல நல்லாருக்கேன் நல்லாருக்கேன்னு சொல்லுவ. நானும் நம்பாமயே நம்பிட்டு வச்சிருவேன். உனக்குப் பொய் சொல்லி அலுத்துச்சுன்னா எனக்குக் கேட்டு அலுத்துச்சு."

மகளின் தலைமுடியில் ஒரு வைக்கோல் ஒட்டிக்கொண்டிருந்தது. வெர்னா எட்டி எடுக்க நினைத்தாள். கை எழவில்லை.

"இனிமே பொய் இல்ல" என்றாள் கடைசியில். "வலிப்பு வந்தா வந்துச்சும்பேன். மறந்தா மறந்தேம்பேன். டாக்டர்கிட்ட நீயே பேசு. ஆனா ஃபீனிக்ஸுக்கு வரமாட்டேன் டெனிஸ்."

"அம்மா."

"வரமாட்டேன்."

டெனிஸ் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். காலை நீட்டி, செருப்பைக் கழற்றிப் போட்டாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் எதிரே இருந்த பாட்டில்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், வேறெங்கும் பார்க்கத் தெம்பில்லாதவர்கள் மாதிரி.

"டிக்கெட்ட அடுத்த சனிக்கு மாத்தறேன்" என்றாள் டெனிஸ். "திங்கக்கெழமை டாக்டர். உங்க ஊர்ல உன்ன யாரு யாரு பாத்துப்பாங்கன்னு எழுதிக் குடு. ஒவ்வொருத்தர்கிட்டயும் நான் பேசணும். அதுக்கப்புறம் ஃபீனிக்ஸ் சண்டையப் போட்டுக்கலாம்."

"இன்னைக்கே போடலியா?"

"இன்னைக்கு முடியாதும்மா. ரொம்ப அசதியா இருக்கு."

"எனக்கும்தான்" என்றாள் வெர்னா.

கார் சாவியை ஏப்ரன் பையிலிருந்து அவளே எடுத்து மகளிடம் கொடுத்தாள். வழியெல்லாம் டெனிஸ் ஓட்டினாள். தொழுவங்களில் விளக்கு எரிந்தது. ஒரு தொழுவத்து வாசலில் எலும்புக்கூடு ஒன்று பால் கேனை உருட்டிக்கொண்டு போனது, வழியில் நின்று இவர்களுக்குக் கை காட்டியது. ஆறு மணிக்கு டெனிஸ் ஒரு குவளை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வெர்னா மாத்திரையை அவள் கண்ணெதிரே விழுங்கிவிட்டு, சோபாவில் படுத்து, எட்டு மணிக்கெல்லாம் தூங்கிப் போனாள். மகள் விளக்கை அணைக்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா. நீங்கள் வீடு போய்ச் சேருங்கள். உங்கள் வீட்டு அடுப்பில் வைத்தது கருகாமல் இருக்கட்டும். நாளெல்லாம் நின்றவர்களுக்கு உட்கார இடமும், உட்கார்ந்தவர்கள் பக்கத்தில் ஒரு துணையும் கிடைக்கட்டும். உங்கள் வீட்டு மாடுகள் நிறையக் கறக்கட்டும், மாடில்லாதவர்கள் வீட்டில் பால் வாங்கக் குறைவில்லாமல் இருக்கட்டும். பெரியவர்களும் சின்னவர்களும் ஒரு நோவும் இல்லாமல் நல்லபடியாக இருங்கள்.